செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே பிரித்துக் கட்டிய பிறகு

என் 150 சிசி பைக்கில் செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், மோட்டாருக்குக் கரண்ட் விடும் ரிலே 'டக்' என்னும், அதோடு சரி. அழுத்திக்கொண்டே பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.5 வோல்ட் அப்படியே நின்றது. மோட்டார் இறுகிப்போயிருந்தாலோ பேட்டரி செத்திருந்தாலோ அது சடாரென்று இறங்கியிருக்கும். ரிலேயின் இரண்டு பெரிய முனைகளை நேரடியாகச் சேர்த்தும் மோட்டார் அசையவில்லை. அதற்குள் கரண்டே போகவில்லை, அதாவது பெரும்பாலும் கார்பன் பிரஷ் (சுற்றும் பாகத்தை உரசியபடி அதற்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும். கடையில் புது மோட்டாரே போடச் சொன்னார்கள். பிரஷ் செட் மட்டும் வாங்கி வந்தேன்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மோட்டார் உடலுக்கும் மூடிகளுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பிரித்தேன். உள்ளே முழுக்கக் கரித்தூள். பிரஷ் இரண்டும் ஒயர் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

புது பிரஷ் போடுவது எளிது. உழைப்பு வேண்டியது பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டருக்குத்தான். செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் கரி அடைத்திருந்தது. ஹாக்ஸா பிளேடு துண்டை மெலிதாகத் தீட்டி ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். அப்புறம் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு சுற்று. மீட்டரைக் கன்டின்யூட்டியில் (கரண்ட் பாதை இருந்தால் கத்தும் நிலையில்) வைத்து, பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே கத்தினால் ஆர்மேச்சர், அதாவது கம்பி சுற்றிய சுழலும் பாகம், போய்விட்டது என்று அர்த்தம், மேலே செலவழிக்காதீர்கள். எனக்குக் கத்தவில்லை.

மாட்டும்போது பிரஷ்ஷை ஸ்பிரிங் முன்னே தள்ளும். நூலால் இழுத்துக் கட்டி, ஆர்மேச்சர் உட்கார்ந்ததும் நூலை உருவினேன். காந்தம் ஆர்மேச்சரை வெடுக்கென்று இழுக்கும், விரல் ஜாக்கிரதை. தண்டின் மெல்லிய வாஷர்களையும் டெர்மினல் போல்ட்டின் இன்சுலேஷன் வாஷரையும் எடுத்த வரிசையிலேயே போடவேண்டும். ஓ-ரிங் புதிது. வண்டியில் ஏற்றுமுன் வைஸில் இறுக்கி ஓட்டிப் பார்த்தேன். சும்மா தரையில் வைத்தால் துள்ளும்.

மழைக்காலங்களும் தாண்டி, இன்றும் காலையில் ஒரே அழுத்தில் எடுக்கிறது. இடையில் ஒருமுறை திறந்து பார்த்தபோது செம்பு சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக இருந்தது. அது நல்ல அறிகுறி, தேய்த்து எடுத்துவிடாதீர்கள். செட்டோடு வந்த ஸ்பிரிங்தான் தொளதொளவென்று இருந்தது, அதனால் பழையதையே போட்டிருக்கிறேன்.

மோட்டார் விர்ரென்று சுற்றியும் இன்ஜின் திரும்பவில்லை என்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். அது பெரும்பாலும் மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச்சின் கோளாறு. பல வண்டிகளில் அதற்கு இன்ஜினில் மேக்னெட் (பேட்டரிக்குக் கரண்ட் உருவாக்கும் காந்தச் சக்கரம்) இருக்கும் பக்கத்தைத் திறக்கவேண்டும்.