கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலை விளையாட்டுத் தெரபி (பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலம் மனநல ஆலோசனை) மையம்: 14 சனிக்கிழமைகள் போய் வந்த அனுபவம்

மகன் விஷயம் கலந்திருப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் உணவகம்) மேலே இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கார் நிறுத்த இடம் தேடியே இருபது நிமிடம் போய்விடும், இரண்டு தடவை சம்மன் வேறு வாங்கியாச்சு, அதையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கு எட்டு வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஜனவரியில் மாமியார் தவறிய பிறகு பள்ளி நாளென்றால் காலையில் வயிற்றுவலி, ராத்திரி விளக்கை அணைக்கவே விடமாட்டான். கோயிலில் கயிறு கட்டினோம். மட்டம் போட நடிக்கிறான் என்று என் பெரியம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். கிளினிக் டாக்டர் பரிசோதித்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குப் பயம் இப்படி வயிற்றுவலியாக வருவது சகஜம், ஆலோசகரிடம் காட்டுங்கள் என்றார்.

முதல் நாள் பெற்றோருக்கு மட்டும். பாட்டி இறந்ததைப் பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார் தெரபிஸ்ட். உடலைக் கூடத்தில் வைத்திருந்தபோது, 'பாட்டி தூங்குறாங்க, சத்தம் போடாதே' என்று யாரோ சொன்னார்கள், யாரோ என்ன, நான்தான். "அப்புறம் எழுந்தாங்களா?" என்றார். அவன் ஏன் தூங்கப் பயப்படுகிறான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சாமிகிட்டப் போயிட்டாங்க, ஊருக்குப் போயிருக்காங்க என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், பாட்டி இறந்துட்டாங்க, உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனி வர மாட்டாங்க என்று நேராகச் சொல்லச் சொன்னார். வீட்டுக்காரரால் முடியவில்லை, அன்று சாயங்காலம் நானே சொன்னேன். "அப்போ பாட்டிக்குப் பசிக்காதா?" என்று கேட்டான். பசிக்காது என்றேன். சரி என்று எழுந்து போய் மைலோ கேட்டான்.

அடுத்த வாரத்திலிருந்து அவன் மட்டும் உள்ளே, 50 நிமிடம். மணல் தட்டு, கைப்பொம்மைகள், சின்னச் சின்ன வண்டிகள், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 220 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மணலில் விளையாட விடவா என்று முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. பிள்ளை வழிநடத்த வேண்டும், பெரியவர் பின்னால் போக வேண்டும் என்பது 1940களில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறையாம். உள்ளே அவன் சொல்வதையும் ஆபத்து ஏதும் இருந்தாலொழிய தெரபிஸ்ட் எங்களிடம் சொல்ல மாட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பாதிதான் பிடிக்கிறது.

ஆனால் ஆறாவது வாரம் வீட்டில் பார்த்தேன். சோபாதான் பள்ளி வேன், தம்பி டிரைவர், இவன் வாசலில் நிற்கிறான். தினமும் வேனிலிருந்து அவனை இறக்கிக் கூட்டி வந்தது மாமியார்தான். "பாட்டி வரமாட்டாங்க, இனிமே நான்தான் வருவேன்" என்று தம்பியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

இப்போது வயிற்றுவலி திங்கட்கிழமை மட்டும். ராத்திரி சின்ன விளக்கு இன்னும் எரிகிறது.

குறைகளும் உண்டு. முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் தேதியை மாற்றுகிறார்கள், அதுவும் இரண்டு தடவை. படிவங்கள் எல்லாம் ஆங்கிலமும் மலாயும்தான். நான்கு வாரத்துக்கு ஒரு முறை பெற்றோரோடு 20 நிமிடம் பேசுவதற்குத் தனிக் கட்டணம், இதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கே போனாலும் லெம்பாகா கவுன்செலரில் (மலேசிய ஆலோசகர் வாரியம்) பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், 1998 சட்டப்படி பதிவில்லாமல் கவுன்சிலர் என்று தொழில் செய்யவே கூடாது. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து 1,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவில் காட்டலாம், பிள்ளைக்குச் செய்த செலவும் சேரும். இவ்வளவு கட்ட முடியாதவர்கள் அரசு கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பார்த்து, கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனை நிபுணரிடம் போகலாம். காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த மையத்தில் தமிழ் பேசுபவர் ஒருவர்தான், சனிக்கிழமை மட்டும் வருவார். போனில் கேட்கும்போதே அவர்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது வாரம் எங்களை வேறொருவரிடம் அனுப்பிவிட்டார்கள், 50 நிமிடமும் பையன் "ஓகே" தவிர வேறெதுவும் பேசவில்லையாம்.