காட்டுக்குள் யோகாவா, கீரிமலையில் முழுக்கா: கூட்டாளியோடு தங்க எது தோது?

கனடாவிலிருந்து வரும் கூட்டாளி, "இந்த முறை கலியாணவீடு, கோயில் எல்லாம் காணும். எங்கையாவது காட்டுக்குள்ள போய் யோகா செய்துகொண்டு இருப்பம்" என்று சொன்னால், யாழ்ப்பாணத்தில் இருக்கிறவருக்கு முதலில் வரும் சிக்கல் காடு எங்கே என்பதுதான். குடாநாட்டில் பனங்கூடல் உண்டு, பற்றை உண்டு, மணற்காட்டில் நட்டு வளர்த்த சவுக்கு உண்டு. காடு என்று வாய் நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கு ஆனையிறவு தாண்ட வேண்டும்.

தாண்டினால் வன்னி. மாங்குளத்துக்கு அப்பால் ஏ9 வீதியின் இருபுறமும் பாலையும் முதிரையுமாக நல்ல காடுதான். ஆனாலும் நானும் கனடாவிலிருந்து வந்த என் கூட்டாளியும் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டு, கிளாலிக் கடல் தாண்டிப் போனவர்களுக்கு வன்னிக் காடு என்றால் மலேரியா, பாம்பு, தறப்பாள் கொட்டில். அங்கே பாயை விரித்து மூச்சைக் கவனி என்றால் மூச்சு வேறு எங்கோ போகும். யோகா விடுதிகளும் பெரும்பாலும் வேறு இடங்களில்தான் இருக்கின்றன: தம்புள்ளை, ஹபரணைப் பக்கத்து உலர்காடு, சிங்கராஜ, நக்கிள்ஸ் பக்கத்து ஈரக்காடு, அப்புறம் தெற்குக் கடற்கரை. இவற்றோடு நான்காவதாக ஊரிலேயே இருந்துவிடுவது.

ஈரக்காட்டை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். சிங்கராஜ 1988இலிருந்து யுனெஸ்கோ உலக மரபுரிமை இடம், அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து போய்ச் சேரவே ஒரு முழு நாள் போய்விடும். மழை விட்ட நேரத்திலும் இலை சொட்டிக்கொண்டிருக்கும், துவைத்துப் போட்ட உடுப்பு மூன்றாம் நாளும் காயாது, காலை நடையில் அட்டை ஏறும். தை, மாசியில் பரவாயில்லை. ஆனால் வெளிநாட்டுக் கூட்டாளிமார் வருவது பள்ளி விடுமுறைக்கு, ஆடி ஆவணியில். தெற்குக் கடற்கரையில் அகங்கம, வெலிகம பக்கம் யோகாவும் அலைச்சறுக்கும் சேர்த்து விற்கிறார்கள். கடலுக்காகப் போகிறவருக்குச் சரி. விளம்பரப் படத்தில் காடாகத் தெரிவது பல இடங்களில் தென்னந்தோட்டத்தின் பின்பக்கம்.

ஆக, உண்மையான போட்டி உலர்காட்டு விடுதிக்கும் ஊருக்கும்தான்.

உலர்காட்டுக்குப் போவது சுகம். யாழ்ப்பாணத்தில் கண்டி பஸ் ஏறினால் வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவ வழியாகத் தம்புள்ளை. சுமார் 250 கிலோமீற்றர், வண்டி மாற வேண்டியதில்லை. அதற்கு மேல் உள்வீதிக்கு ஓட்டோ. இந்த வகை விடுதிகளில் பெயர் பெற்றது கல்கிரியாவ மலையடிவாரத்தில் உள்ள உல்பொத. குளம், வயல், களிமண் குடில்கள், மின்சாரம் கிடையாது, வெளிநாட்டு யோகா ஆசிரியர்கள் முறைவைத்து வந்து வகுப்பு எடுப்பார்கள், ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. அதைப் பார்த்துப் பல இடங்கள் அதே மாதிரி எழும்பியிருக்கின்றன. நாங்கள் தங்கியது அப்படி எழும்பிய சிறிய இடமொன்றில்.

குடிலின் சுவர் இடுப்பளவு. அதற்கு மேலே காற்று, அதற்கு மேலே கிடுகு. கதவு இல்லை. இரண்டு கட்டில், இரண்டு நுளம்பு வலை, நடுவில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. என் கூட்டாளி அந்த விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கே நாங்கள் டொலர் குடுத்து வந்தனாங்கள்?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து ஓஎல் சோதனைக்குப் படித்தவர்கள் நாங்கள். இருட்டின் அருமையை எங்களுக்கு யாரும் விலைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் இரண்டாம் இரவு அவள் அந்த விளக்கைப் பற்றிப் பேசவே இல்லை. கைபேசிக்குச் சார்ஜ் தேடி அலைந்ததும் நின்றுவிட்டது. குளத்துத் தவளைச் சத்தத்தில் ஒன்பது மணிக்கே தூங்கினாள். ரொறன்ரோவில் தூக்கக் குளிசை போடுகிறவள்.

யோகாவைப் பொறுத்தவரை, காலை வகுப்பு வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் வேகமாக. மாலை வகுப்பு மெதுவாக, தரையில் கிடந்தபடி உடம்பைத் தளர்த்துவது. தரை பலகை, மேலே கூரை, சுவர் கிடையாது. சூரிய நமஸ்காரத்துக்கு நடுவில் மந்தி வந்து இருந்து பார்க்கும். பயிற்றுமொழி ஆங்கிலம். முதுகு, முழங்கால் நோவு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்குத் தக்கபடி மாற்றித் தருவார்கள்; சொல்லாமல் இருந்தால் இருபது வயதுக்காரி வளைகிற வளைவுக்கு நீங்களும் வளைய வேண்டி வரும். சாப்பாட்டில் எங்களுக்கு ஒரு புதினமும் இல்லை, குறையும் இல்லை: சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, கீரைச் சுண்டல், குரக்கன் ரொட்டி. உறைப்பு மட்டும் வெள்ளைக்காரருக்காகக் குறைத்திருந்தார்கள். குசினியில் கேட்டால் கட்டைச் சம்பல் தனியாக வரும்.

கூட்டாளியோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. இந்த விடுதிகளில் நாள் முழுக்க அட்டவணை. விடிய எழும்பினால் காலைச் சாப்பாடு வரை மௌனம். பல வருடம் கழித்துச் சந்திக்கும் இரண்டு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து வாய் ஓயாமல் கதைத்தவர்கள், பக்கத்துப் பக்கத்துப் பாயில் ஊமையாக இருப்பது முதல் நாள் சிரிப்பு, இரண்டாம் நாள் எரிச்சல். சாப்பிடுவது எல்லாரோடும் பொதுவாக, பெரிய பாயில். அங்கே உங்கள் கூட்டாளி ஜேர்மன்காரியோடு ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் கதைப்பாள், நீங்கள் பப்பாப்பழம் வெட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பேருக்கும் யோகாவில் ஒரே அளவு ஆர்வம் இல்லாவிட்டால், ஒருத்தி வகுப்புக்குப் போகும்போது மற்றவளுக்கு என்ன செய்வது என்று தெரியாது. கடை இல்லை, வைஃபை இல்லை, தனியாக வெளியே நடந்து போகவும் முடியாது. யானை நடமாடும் பகுதி, பொழுது பட்டால் வீதிக்கு இறங்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

மத்தியானம் மட்டும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குளக்கட்டில் மருத மரத்து நிழல், கால் தண்ணீருக்குள். நாங்கள் கதைத்த கதை எல்லாம் அந்த நேரத்தில்தான். காட்டு விடுதிக்குக் கொடுக்கும் காசுக்கு எங்களுக்குக் கிடைத்தது எது என்று கேட்டால், அந்த மத்தியானங்களையும் அவள் தூங்கிய தூக்கத்தையும் சொல்வேன். ஆசனங்களை வீட்டு மொட்டைமாடியிலும் செய்யலாம்.

சரி, அப்படியானால் ஊரிலேயே இருக்கலாமே? இருக்கலாம். யோகாவுக்கு வேண்டிய சாமான் ஊரில் குறைவில்லை. கீரிமலைக் கேணி ஒன்று போதும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்; மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, ஓடி, கடல் ஓரத்தில் ஊற்றாக எழும்புகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல் அடிக்க, இந்தப் பக்கம் கேணியில் உடம்பைப் போடலாம். பெண்களுக்குத் தனிக் கேணி, மதிலோடு. விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் தண்ணீர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும், நகுலேஸ்வரத்து மணி கேட்கும், கேணியில் இரண்டு மூன்று பேர்தான். ஆடி அமாவாசையில் மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்க முடியாது. பிதிர்க்கடனுக்கு வரும் கூட்டம்.

மௌனம் வேண்டுமென்றால் அதற்கும் ஊரில் நீண்ட வழக்கம் உண்டு. கிளிநொச்சியில் ஸ்டோர்கீப்பர் வேலையை விட்டுவிட்டு வந்து, கொழும்புத்துறைக் கொட்டிலில் காலம் கழித்த யோகர் சுவாமி (1872–1964) ஆசனம் சொல்லிக் கொடுத்தவர் அல்ல. ஆனால் அவர் வழியில் வந்த சிவதொண்டன் நிலையத்தின் தியான மண்டபத்தில் போய் இருந்தால் யாரும் உங்களிடம் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். கட்டணம் இல்லை, வகுப்பும் இல்லை. அதுவே சிலருக்குக் குறை: என் கூட்டாளி பத்து நிமிடத்தில் நெளியத் தொடங்கினாள், யாராவது "மூச்சை உள்ளே இழுங்கள்" என்று சொன்னால்தான் அவளுக்கு மனம் நிற்கும். சாப்பாட்டுக்குத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி மடங்கள் இருக்கின்றன. அன்னதானக் கந்தன் என்ற பெயர் சும்மா வரவில்லை. எண்ணெய் வைத்தியம் வேண்டியவர்கள் தெற்கு விடுதிகளில் ஆயுர்வேதத்துக்குக் கொட்டும் காசை யோசித்துவிட்டு, கைதடிச் சித்த வைத்தியசாலையில் ஒரு முறை ஆலோசனை கேட்கலாம். அங்கே பூ மிதக்கும் தொட்டி எல்லாம் கிடையாது. வைத்தியர் இருப்பார், மருந்து இருக்கும், வரிசையில் நிற்க வேண்டும்.

மணற்காட்டையும் சொல்ல வேண்டும். வடமராட்சி கிழக்கில் மணல்மேடும் சவுக்கும் கடலும் சேர்ந்த இடம். ஊசியிலை விழுந்து மெத்தை போலக் கிடக்கும் தரையில் பாய் விரித்தால், எந்த விடுதி மண்டபத்தையும்விட நன்றாக இருக்கும், காலை ஏழரை வரை. அதற்குப் பிறகு வெயில். வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகக் காற்று வேறு. கண், வாய், பாய் எல்லாம் மணல்.

இவ்வளவு இருந்தும் ஊர் ஏன் தோற்கிறது என்றால், சொந்தக்காரர்களால். வெளிநாட்டிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் காலை ஏழு மணிக்கு மாமி புட்டோடு வாசலில் நிற்பார். எட்டு மணிக்குச் சித்தப்பா, ஒன்பதுக்கு "சும்மா பார்த்திட்டுப் போவம் எண்டு" நாலு பேர். இரண்டு வீட்டில் சாப்பிட்டு மூன்றாம் வீட்டில் சாப்பிடாமல் வந்தால் அது ஒரு வருடத்துக்குப் பேச்சு. அந்த வயிற்றோடு முன்னால் குனிய முடியாது. காட்டு விடுதி விற்பது பெரும்பாலும் இந்த எட்டாத தூரத்தைத்தான், யோகா அதற்கு ஒரு சாட்டு. அந்தத் தூரத்தை ஊரில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. ஹோட்டலில் அறை எடுத்தால் "எங்கட வீடு இருக்கேக்க ஹோட்டலோ?" என்ற கோபம் தனி.

எனவே என் கணக்கு இது. இரண்டு பேரும் யோகாவுக்கென்றே போகிறீர்கள், அல்லது ஒருத்தி உண்மையிலேயே களைத்துப்போய் வந்திருக்கிறாள் என்றால், உலர்காட்டு விடுதிக்குப் போங்கள். ஒரு வாரப் பொதி எடுக்க வேண்டாம். மூன்று இரவு தரும் இடமாகத் தேடுங்கள், நான்காம் நாள் அந்தக் குடிலின் இடுப்பளவுச் சுவரே இருவருக்கும் நடுவில் வந்துவிடும். அட்டவணை கட்டாயமா, விருப்பமா என்று முதலில் கேளுங்கள். பணம் கட்டியவர் வகுப்புக்கு வராமல் படுத்திருந்தால் முகம் சுளிக்காத இடம்தான் கூட்டாளிகளுக்கு ஏற்றது. ஒருத்திக்குத்தான் யோகா, மற்றவளுக்குக் கதைதான் வேண்டுமென்றால் ஹபரணைப் பக்கம் சாதாரண விடுதியில் தங்கி, காலை வகுப்பு மட்டும் எங்காவது கேட்டுப் போய்வருவது மேல். ஆவணி, புரட்டாதியில் மின்னேரியாக் குளம் வற்றும்போது யானைகள் கூட்டமாக இறங்கும். யோகா செய்யாதவளுக்கும் ஒரு பொழுது கிடைக்கும்.

காசு விஷயத்தில் ஒன்று. இந்த விடுதிகள் தலைக்கு இவ்வளவு டொலர் என்றுதான் விலை போடுவார்கள், சாப்பாடும் வகுப்பும் சேர்த்து. இலங்கை அடையாள அட்டை உள்ளவருக்கு உள்ளூர் விலை இருக்கிறதா என்று கேட்டால்தான் சொல்வார்கள், கேட்காமல் சொல்வது அபூர்வம். கூட்டாளி கனடாக் கடவுச்சீட்டோடு வந்தால் அவளுக்கு வேறு விலை. ஒரே குடிலில் படுக்கும் இருவர் இரு விலை கொடுப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதை பஸ் ஏறும் முன்பே பேசிவிடுவது நல்லது. நாங்கள் மொத்தத்தைக் கூட்டி இரண்டாகப் பிரித்தோம்.

ஊரைத் தெரிவு செய்கிறவர்களுக்கு: நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தங்க அறை கிடைப்பது கஷ்டம், ஆனால் அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள், சைவச் சாப்பாட்டுக்குத் தேட வேண்டியதில்லை. கீரிமலைக்கு விடிய முதல் பஸ்ஸை நம்பாமல் முதல் நாளே ஓட்டோ பேசி வையுங்கள். மாமியிடம் எட்டு மணிக்கு முன்னால் வர வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பைக் கூட்டாளியிடமே விட்டுவிடுங்கள். உள்ளூரில் தொடர்ந்து வாழப்போவது நீங்கள்.