பிள்ளையின் கைப்பேசிக் கட்டுப்பாட்டுச் செயலிகள்: நாள்பட்ட பயன்பாட்டில் எது நிற்கிறது, எது நழுவுகிறது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் பிள்ளையின் கைக்கு வரும் கைப்பேசி பெரும்பாலும் புதுசு கிடையாது. அண்ணன் வேலைக்குப் போய் வேறு வாங்கியதும் அவனுடைய பழைய ரெட்மி தம்பிக்கு இறங்கும். இல்லாவிட்டால் அம்மாவின் பழைய விவோ. சிம் மட்டும் மாறும். உள்ளே கூகுள் கணக்கு பழையவருடையதாகவே கிடக்கும். அதன்மேல் எந்தக் கட்டுப்பாட்டுச் செயலியைப் போட்டாலும், காசு கொடுத்து வாங்கியதே ஆனாலும், கூகுளின் கண்ணுக்கு அது வயது வந்த ஒருவரின் கைப்பேசிதான். பிளே ஸ்டோர் எதையும் கொடுக்கும், குரோம் எதையும் திறக்கும், யூடியூப் எதையும் காட்டும். ஆகவே எந்தச் செயலி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், கைப்பேசியில் இருக்கும் கணக்கு யார் பெயரில், எந்தப் பிறந்த தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் இலவசச் செயலியே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.

ஆண்டு 1 முதல் படிவம் 1 வரை படிக்கும் பிள்ளை, ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் எங்கள் தேர்வு கூகுளின் ஃபேமிலி லிங்க். இலவசம் என்பது ஒரு காரணம்தான். இது கூகுள் பிளே சர்வீசஸோடு ஒட்டி வேலை செய்வதால் மற்றச் செயலிகளைப் போல ரெட்மியும் ஓப்போவும் பேட்டரியை மிச்சப்படுத்த இதைச் சுலபமாகத் தூங்க வைக்க முடிவதில்லை. நாள்பட்ட பயன்பாட்டில் இந்த வித்தியாசம்தான் பெரிசாகத் தெரியும்.

பழைய கைப்பேசியை மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் பழைய கூகுள் கணக்கை நீக்குங்கள். அதற்கு அப்புறம்தான் எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக்கும் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், மீண்டும் திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அண்ணன் ஜொகூரில் நைட் ஷிப்டில் இருப்பார், கடவுச்சொல் அவருக்கே மறந்து போயிருக்கும். கடையில் கொடுத்துத் திறக்க வேண்டியதாகிவிடும்.

சுத்தமாகத் திறந்த பிறகு, கணக்கு கேட்கும் திரையில் புதுக் கணக்கு, பிள்ளைக்காக என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறந்த தேதியை மைகிட் அட்டையில் உள்ளபடியே போடுங்கள். பெற்றோர் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதைத் தட்டும்போது பிள்ளை தோளுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. இதையெல்லாம் வைஃபையில் செய்வது நல்லது. முதல் திறப்பில் பிளே சர்வீசஸும் மற்றவையும் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். ப்ரீபெய்டு டேட்டாவில் ஓடினால் வாங்கிய டேட்டா பாதியில் தீர்ந்து, அமைப்பும் பாதியில் நிற்கும்.

பிள்ளை ஏற்கெனவே தானே ஒரு கணக்குத் திறந்து, 1995-இல் பிறந்ததாகப் போட்டு வைத்திருந்தால் அதைத் திருத்தி இழுத்துப் பிடிப்பதைவிடப் புதுக் கணக்கே மேல். விளையாட்டு நிலைகள் போய்விடும் என்று அழுகை வரும். மொபைல் லெஜெண்ட்ஸ் கணக்கு வேறு எதோடாவது இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால் அதையும் காப்பாற்றலாம்.

பள்ளி கொடுத்த டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கை முதல் கணக்காகப் போட்டு ஆரம்பிக்காதீர்கள். ஃபேமிலி லிங்க் கணக்கு முதலில். டெலிமா கணக்கை அதற்குப் பிறகு பெற்றோர் அனுமதியோடு இரண்டாவதாகச் சேர்க்கலாம். பள்ளிக் கணக்குக்கு மட்டும் இந்த விலக்கு உண்டு. மாமாவின் ஜிமெயிலையோ அக்காவின் ஜிமெயிலையோ உள்ளே விட்டால் எல்லாம் பழைய கதை.

நேர எல்லை வைக்கும்போது நாள் ஒன்றுக்கு இத்தனை மணி என்று மட்டும் வைத்தால் தோட்டத்து வீட்டுக்குச் சரிவராது. பள்ளி விட்டு ஒன்றரைக்கெல்லாம் பிள்ளை வீட்டில். அப்பா செம்பனை ஆலையில், அம்மா தொழிற்சாலையில். ஐந்து மணி வரை வீட்டில் பாட்டி மட்டும். ஒரு நாளைக்கான இரண்டு மணி நேரமும் மூன்றரைக்கே தீர்ந்துவிடும். பிறகு வீட்டுப்பாடத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பார்க்கக்கூட வழியிருக்காது. எல்லையைச் செயலிவாரியாக வையுங்கள்: விளையாட்டுக்கும் யூடியூபுக்கும் தனித்தனியாக நேரம், அழைப்பு, கூகுள் கிளாஸ்ரூம், அகராதி இவற்றை எப்போதும் அனுமதி என்ற பட்டியலில் போடுங்கள். இரவு ஒன்பதரை முதல் காலை ஆறு வரை டவுன்டைம், அதாவது கைப்பேசி தானே பூட்டிக்கொள்ளும் நேரம். பூட்டிய நிலையிலும் வரும் அழைப்பைப் பிள்ளை எடுக்க முடியும்; ஷிப்டில் இருக்கும் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை.

தோட்டத்துக்குள் லைன் விட்டு விட்டு வரும் இடங்களில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே வைத்த நேர எல்லை கைப்பேசிக்குள்ளேயே இருப்பதால் லைன் இல்லாமலும் வேலை செய்யும். நீங்கள் இப்போது புதிதாக அனுப்பும் பூட்டு உத்தரவும், பத்து நிமிடம் கூடுதல் என்ற சலுகையும், செயலி அனுமதியும் அங்கே லைன் கிடைக்கும்வரை போய்ச் சேராது. அவசரத்துக்குத் திறக்க வேண்டுமென்றால் பெற்றோர் செயலியில் வரும் குறியீட்டு எண்ணைத் தொலைபேசியில் சொல்லலாம். அது அடிக்கடி மாறுவதால் பிள்ளை எழுதி வைத்தாலும் பயனில்லை. இருப்பிடம் காட்டுவதையும் அளவோடு நம்புங்கள். தகரக் கூரை லயத்துக்குள் இருக்கும்போது புள்ளி பெரிய வட்டமாக விரியும். பிள்ளை வீட்டில் இருக்க, வட்டம் பக்கத்துத் திடலையும் சேர்த்துக்கொள்ளும். கடைசியாக எப்போது பதிவானது என்ற நேரத்தைப் பார்க்காமல் திட்டப் போகாதீர்கள்.

இனி ஓட்டைகள். ஃபேமிலி லிங்கின் இணைய வடிகட்டி குரோமில் மட்டும்தான் வேலை செய்யும். வேறு பிரவுசர் ஒன்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் வடிகட்டி இல்லாத கதவு திறந்தாயிற்று. செயலிகளுக்குள்ளேயே திறக்கும் பக்கங்களும் அப்படித்தான். டெலிகிராமில் வரும் இணைப்பைத் தட்டினால் அது குரோமைக் கேட்டுக்கொண்டிருக்காது. ஒருமுறை அனுமதித்த செயலியை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினால் திரும்ப அனுமதி கேட்காது. ஆகவே கோபத்தில் விளையாட்டை அழித்துவிட்டால் போதாது. பெற்றோர் செயலியில் அதைத் தடுத்தும் வைக்க வேண்டும். வாட்ஸ்அப் வழியாக வரும் ஏபிகே கோப்புகள், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்புகள், இன்னொரு வழி. வெளியிடங்களிலிருந்து செயலி நிறுவும் அனுமதியைச் சாதன அமைப்புகளில் அணைத்து வையுங்கள்.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை பெற்றோரின் கைப்பேசிதான். அனுமதி என்பது அங்கே ஒரு தட்டல். அம்மாவின் பூட்டு எண் அவர் பிறந்த ஆண்டாக இருந்தால், குளிக்கப் போன நேரத்தில் பிள்ளையே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்ளும். விரல்ரேகைப் பூட்டு என்றால் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரின் கட்டைவிரல் போதும். அனுமதிக் கோரிக்கைகளின் மின்னஞ்சல் தாத்தா பாட்டி பார்க்காத ஒரு கணக்குக்குப் போவதும், பெற்றோர் கைப்பேசியில் ஆறு இலக்கப் பூட்டு எண் இருப்பதும் எந்தக் கட்டணச் செயலியைவிடவும் அதிகம் காப்பாற்றும்.

கட்டணச் செயலிகளுக்கு வருவோம். குஸ்டோடியோ போன்றவை ஃபேமிலி லிங்கில் இல்லாத சிலவற்றைக் கொடுக்கின்றன: பல பிரவுசர்களில் வடிகட்டி, விரிவான பயன்பாட்டு அறிக்கை, கணினியும் கைப்பேசியும் ஒரே இடத்தில். வீட்டில் மடிக்கணினியும் இருந்தால் இதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் இவை அக்சஸிபிலிட்டி, யூசேஜ் அக்சஸ் ஆகிய அனுமதிகளை நம்பி நிற்பவை. கைப்பேசி புதுப்பிக்கப்பட்ட பிறகு, அல்லது பேட்டரி சேமிப்பு மும்முரமாகும்போது, இந்த அனுமதி ஓசையில்லாமல் விழுந்துவிடும். பெற்றோர் பக்கம் எல்லாம் பச்சையாகத் தெரியும். அறிக்கை மட்டும் பழைய தேதியிலேயே நிற்கும். ரெட்மி என்றால் அந்தச் செயலிக்கு ஆட்டோஸ்டார்ட்டைத் திறந்து, பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று வைத்து, சமீபத்திய செயலிகள் திரையில் அதைப் பூட்டிட்டு வைக்க வேண்டும். விவோவிலும் ஓப்போவிலும் இதே வேலை வேறு பெயரில் இருக்கும். ரெட்மியில் செகண்ட் ஸ்பேஸ் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே கைப்பேசிக்குள் இரண்டாவது கைப்பேசி அது.

ஆண்டுச் சந்தா கட்டுவதற்கு முன் ஒரு கசப்பான உதாரணம்: 2024 அக்டோபரில் காஸ்பர்ஸ்கியின் செயலிகள் கூகுள் பிளேயிலிருந்து நீக்கப்பட்டன. அதன் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான சேஃப் கிட்ஸ் நல்ல கருவி என்று வைத்திருந்தவர்களுக்கு வழக்கமான வழியில் புதுப்பிப்பு வருவது நின்றது. காரணம் அமெரிக்கத் தடை, பாதிப்பு இங்கேயும். முதல் ஆண்டு மாதச் சந்தாவாகவே ஓட்டிப் பாருங்கள்.

டவுனில் சில கைப்பேசிக் கடைகள் “எல்லா வாட்ஸ்அப்பும் படிக்கலாம், பிள்ளைக்குத் தெரியாது” என்று விற்கும் ஒளிந்திருக்கும் செயலிகள் வேறு ரகம். அவற்றை நிறுவ, தீய செயலிகளைப் பிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்வார்கள். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். கைப்பேசி வைத்திருப்பவருக்குத் தெரியாமல் ஒளிந்து உளவு பார்க்கும் செயலிகளை 2020 முதல் கூகுள் பிளே அனுமதிப்பதில்லை. பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி என்றால் அது கைப்பேசியில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். இந்த ரகத்தில் பேர்போன எம்ஸ்பையிலிருந்து 2015, 2018, 2024 என மூன்று முறை தரவுகள் வெளியே போயிருக்கின்றன. பிள்ளையின் படங்களையும் உரையாடல்களையும் அப்படி ஓர் இடத்தில் நீங்களே கொண்டுபோய் வைப்பதற்கு மாதம்தோறும் ரிங்கிட்டும் கட்டுவது என்ன கணக்கோ தெரியவில்லை.

வீட்டில் யூனிஃபை இணையம் இருந்தால் ரூட்டரில் ஒரு மாற்றம் செய்யலாம். தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ்; அதன் முகவரியை 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் போட்டால் கிளவுட்ஃபிளேரின் குடும்ப வடிகட்டி ஆபாசத் தளங்களையும் தீங்கிழைக்கும் தளங்களையும் வீட்டு வைஃபை முழுதும் நிறுத்தும். தேடலில் பாதுகாப்பு முறையும் யூடியூபில் கட்டுப்பாட்டு முறையும் கட்டாயமாக வேண்டுமென்றால் கிளீன்பிரவுசிங்கின் 185.228.168.168, 185.228.169.168 ஆகியவற்றைப் போடுங்கள். பாட்டியின் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இதுவே போதும், அவற்றில் வேறு செயலி போட வேண்டாம். டேட்டாவுக்கு மாறினாலோ பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டில் ஏறினாலோ இது கூட வராது. பிள்ளையின் சிம்மில் பெரிய டேட்டா திட்டம் போடாமல் இருப்பதே அதற்கு மருந்து.

பணம் போகும் வழியைத் தனியாக அடைக்க வேண்டும். ஃபேமிலி லிங்க் தடுப்பது கூகுள் பிளே வழியாக வாங்குவதை மட்டுமே. டச் என் கோ மின்பணப்பையிலோ வெளித் தளங்களிலோ விளையாட்டுக்காக வாங்கும் டைமண்டுகள் அதன் கண்ணில் படாது. மின்பணப்பையின் ஆறு இலக்க எண்ணும் கைப்பேசிப் பூட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சொந்தக் கணக்கு திறக்கக் குறைந்தபட்ச வயது 13. வகுப்புக் குழு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்தக் குழுவைப் பெற்றோர் எண்ணில் வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைக்கே கொடுத்தால், குழுவில் சேர்க்கும் உரிமையைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றி, தெரியாத அழைப்புகளை மௌனமாக்கி வையுங்கள். டிக்டாக்கில் ஃபேமிலி பேரிங் இருக்கிறது, கியூஆர் குறியீட்டால் இணைத்து நேரத்தையும் உள்ளடக்கத்தையும் கட்டுப்படுத்தலாம். ஐபோன் என்றால் ஃபேமிலி ஷேரிங்கில் பிள்ளைக் கணக்கு, ஸ்கிரீன் டைமுக்குத் தனிக் கடவெண். அந்தக் கடவெண்ணை மீட்கும் கணக்கு பெற்றோருடையதாக இருக்கட்டும். பிள்ளை ஐபோனில் ஃபேமிலி லிங்க் போட்டு ஏமாற வேண்டாம், அது அங்கே சாதன நேரத்தைக் கட்டுப்படுத்தாது.

13-ஆவது பிறந்தநாள் நெருங்கும்போது கண்காணிப்பு தொடர்வது பற்றிக் கூகுளிடமிருந்து மின்னஞ்சல் வரும். விளம்பரம் என்று நினைத்துத் தள்ளாதீர்கள். இந்த விதி மாறிக்கொண்டிருப்பதால் திரையில் உள்ளதைப் படித்த பிறகு பட்டனைத் தட்டுங்கள். படிவம் 1-இல் முழுப் பூட்டு ஓடாது. இரவு டவுன்டைமையும் செயலி அனுமதியையும் வைத்துக்கொண்டு பகல் எல்லைகளைத் தளர்த்தினால் பிள்ளை அதைச் சுற்றிப்போக வழி தேடுவது குறைகிறது.

எந்தச் செயலியும் காட்டாத ஒன்றை நீங்களே பார்த்துவிட்டால், அதாவது தெரியாத பெரியவர் ஒருவர் படம் கேட்கிறார், சந்திக்கக் கூப்பிடுகிறார் என்றால், அழிக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இன் கீழ் வசப்படுத்தப் பேசுவதே குற்றம். நேரில் சந்தித்திருக்க வேண்டியதில்லை. பெயர், எண், தேதி தெரியும்படி உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்துப் போலீஸ் புகார் செய்யுங்கள். தாலியான் காசே உதவி எண் 15999 இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கும். பிள்ளையின் படம் உள்ளே இருந்தால் அதைச் சித்தப்பாவுக்கும் குடும்பக் குழுவுக்கும் அனுப்பிக் கேட்காதீர்கள், அந்தப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் அதே சட்டத்தில் வருகிறது. கைப்பேசியை அப்படியே, ரீசெட் செய்யாமல், சார்ஜரோடு நிலையத்துக்குக் கொண்டு போங்கள்.