மெட்டா ஆட்ஸ் மேனேஜர்: நுகர்பொருள் விளம்பரங்களுக்குப் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

நுகர்பொருள் பிராண்டுகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை அமைத்துக் கொடுப்பது என் தொழில். சோப்பு, சருமப் பூச்சு, பிஸ்கட், துணி துவைக்கும் திரவம் என்று பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். கருவி மட்டும் மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜர்தான். அதன் பொத்தான்களும் பெயர்களும் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஆனால் ஒரு கருத்து மட்டும் எனக்குள் ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டு வருகிறது. கருவியின் அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதற்குச் செலவாகும் நேரத்தில் பாதியையாவது விளம்பரத்தின் முதல் காட்சிக்கும் முதல் வரிக்கும் கொடுத்தால் விற்பனை கூடுகிறது.

முன்பு நிலைமை வேறு. வயது, ஆர்வம், வாங்கும் பழக்கம் என்று பார்வையாளர்களைப் பொறுக்கி எடுப்பதே இந்தத் தொழிலின் திறமையாகக் கருதப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களைப் போன்றவர்களைத் தேடித்தரும் 'லுக்அலைக்' பட்டியலை எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐஓஎஸ் 14.5 பதிப்பை வெளியிட்டது. பிற செயலிகளிலும் இணையதளங்களிலும் ஒருவரின் நடமாட்டத்தைப் பின்தொடர, செயலி அவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்ற விதி அதிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பலர் மறுத்துவிட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்தவர் பிறகு பிராண்டின் தளத்தில் வாங்கினாரா என்ற செய்தி மெட்டாவுக்கு வந்து சேர்வது குறைந்தது. பிராண்டின் தளத்தில் பதித்துவைக்கும் மெட்டாவின் கண்காணிப்பு நிரலான பிக்சலோடு சேர்த்து, பிராண்டின் சர்வரிலிருந்தே விற்பனைத் தகவலை அனுப்பும் கன்வர்ஷன்ஸ் ஏபிஐ-யையும் இணைப்பது அதன் பிறகு அடிப்படைத் தேவையாகிவிட்டது. இணைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே விற்பனை இரண்டு வழியிலும் பதிவாகும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இல்லாவிட்டால் அது இரண்டு விற்பனையாக எண்ணப்படும்.

இப்போது நான் பெரும்பாலும் நாடு, வயது வரம்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை விளம்பரமே பார்த்துக்கொள்கிறது. எப்படி என்பதற்கு சன்ஸ்கிரீன் நல்ல எடுத்துக்காட்டு. 'வெயிலிலிருந்து முழுப் பாதுகாப்பு' என்று தொடங்கும் வீடியோவில் யாரும் நின்று பார்க்க ஒரு காரணமும் இல்லை. மாநிறத் தோலில் பூசி, வெள்ளைப் படிவு இல்லாமல் அது மறைவதை முதல் நொடியிலேயே காட்டுங்கள். பூசிய பிறகு முகம் வெளிறித் தெரிகிறதே என்று சலித்துப்போனவர் அங்கே விரலை நிறுத்துவார். அப்படி நிற்பவர்கள், கிளிக் செய்பவர்கள், வாங்குபவர்கள் யார் யார் என்பதைக் கவனித்துத்தான் மெட்டாவின் அல்காரிதம் அடுத்து யாருக்குக் காட்டலாம் என்று முடிவு செய்கிறது. ஆகவே அந்த ஒரு காட்சியே பார்வையாளர்களைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. அதே சன்ஸ்கிரீனுக்கு, மேக்கப்புக்கு அடியில் பூசினால் திரளாது என்று காட்டும் வீடியோ முற்றிலும் வேறு கூட்டத்தை அழைத்து வரும். பின்னணி நிறத்தையும் எழுத்துருவையும் மட்டும் மாற்றி ஐந்து வடிவங்கள் செய்வதால் இந்தப் பயன் கிடைக்காது. ஒவ்வொரு விளம்பரமும் வாங்குவதற்கு வேறொரு காரணத்தைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காரணங்களை நான் அலுவலக அறையில் உட்கார்ந்து யோசிப்பதில்லை. வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களையும் வாடிக்கையாளர் சேவைக்கு வரும் கேள்விகளையும் மணிக்கணக்கில் படிக்கிறேன். துணி துவைக்கும் திரவத்தைப் பற்றி பிராண்ட் 'மேம்பட்ட கறை நீக்கும் ஆற்றல்' என்று பேசிக்கொண்டிருக்கும். வாங்கியவரோ 'கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு விழவில்லை' என்று எழுதியிருப்பார். பின்னதுதான் விளம்பரத்தின் முதல் வரி. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வீடியோவின் கட்டமைப்பைப் பற்றிச் சில விஷயங்கள். ரீல்ஸுக்கும் ஸ்டோரிக்கும் 9:16, ஃபீடுக்கு 4:5 என்ற அகல, உயர விகிதத்தில் தனித்தனியே வெட்டித் தருவது அவசியம். ஒன்றையே எல்லா இடத்திலும் போட்டால் பொருள் நறுக்கப்பட்டுவிடும். ரீல்ஸில் கீழ்ப்பகுதியைக் கணக்கின் பெயரும் பொத்தான்களும் மூடிக்கொள்ளும். அங்கே விலையையோ பொருளின் பெயரையோ எழுதினால் யார் கண்ணிலும் படாது. ஒலியில்லாமல் பார்ப்பவர்களுக்காக வசனம் திரையில் எழுத்தாக வர வேண்டும். வீடியோவோடு போகும் எழுத்தில் ஏறக்குறைய 125 எழுத்துகளுக்கு மேல் போனால் மிச்சம் மடிந்து மறைந்துவிடும். தமிழில் உயிர்மெய் ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு குறியீடாக எண்ணப்படுவதால் இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தமிழில் விளம்பரம் எழுதுபவர்கள் முதல் வாக்கியத்தைக் குறுக்கியே எழுத வேண்டும்.

எண்களில் நான் முதலில் பார்ப்பது, விளம்பரம் திரையில் தோன்றிய தடவைகளில் எத்தனை மூன்று விநாடி தாண்டின என்பதை. அந்த விகிதம் குறைவாக இருந்தால் தொடக்கம் சரியில்லை. தொடக்கம் நன்றாக இருந்து, பதினைந்து விநாடிவரை பார்த்ததைக் குறிக்கும் த்ரூப்ளே குறைவாக இருந்தால் நடுவில் தொய்வு. இரண்டும் நன்றாக இருந்தும் விற்பனை இல்லையென்றால் விலையையும் தளத்தின் பக்கத்தையும் பாருங்கள். அங்கே வீடியோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பட்ஜெட்டைப் பற்றி என் ஆலோசனை ஒன்றே: பிரிக்காதீர்கள். யாருக்குக் காட்டினால் பலன் என்று அல்காரிதம் பழகிக்கொள்ளும் தொடக்கக் காலமான கற்றல் கட்டத்தை ஒரு விளம்பரத் தொகுப்பு தாண்ட, வாரத்துக்கு ஏறத்தாழ 50 விற்பனை, அல்லது நீங்கள் இலக்காக வைத்த வேறொரு செயல், தேவை என்று மெட்டாவே வழிகாட்டுகிறது. சிறிய பட்ஜெட்டைப் பத்துத் தொகுப்புகளாகப் பங்கிட்டால் எதுவும் அந்த எண்ணிக்கையை எட்டாது. பார்வையாளர்களையோ படைப்பையோ மாற்றினாலும், பட்ஜெட்டைப் பெரிய அளவில் கூட்டிக் குறைத்தாலும் கற்றல் மறுபடி தொடங்கிவிடும். அதனால் தொடங்கிய சில நாட்களுக்குத் தொடாமல் இருக்கும் பொறுமை வேண்டும். வாடிக்கையாளர் நிறுவனம் தினமும் காலையில் எண் கேட்கும்போது இந்தப் பொறுமையைக் காப்பது எளிதல்ல. ஆயினும் காத்தே ஆக வேண்டும்.

விளம்பர விதிகளைப் பலர் தொல்லையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அவற்றில் ஒன்று நல்ல ஆசிரியராகவே இருந்திருக்கிறது. பார்ப்பவரின் உடல்நிலையை அவர்மீதே சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறது மெட்டாவின் விதி. சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டை விற்க 'உங்களுக்கு நீரிழிவா?' என்று கேட்க முடியாது. 'சர்க்கரை சேர்க்காத பிஸ்கட், தேநீரில் நனைத்தாலும் உடையாது' என்று எழுதலாம். இரண்டாவது வரி அனுமதி பெறுகிறது என்பதோடு, படிப்பவரை மதிக்கவும் செய்கிறது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது அளவீட்டில்தான். ஆட்ஸ் மேனேஜரின் வழக்கமான அமைப்பு, கிளிக் செய்த 7 நாட்களுக்குள்ளோ, வெறுமனே பார்த்த 1 நாளுக்குள்ளோ நடந்த விற்பனையை விளம்பரத்தின் கணக்கில் எழுதும். ஏற்கெனவே கூடையில் பொருளை வைத்துவிட்டுப் போனவருக்கு மறுபடி விளம்பரம் காட்டினால், அவர் எப்படியும் வாங்கியிருப்பார் என்றாலும் பெருமை விளம்பரத்துக்கே போகும். மறுநினைவூட்டல் விளம்பரங்களின் வருவாய் விகிதம் கண்ணைப் பறிப்பதற்கு இதுவே காரணம். அந்த எண்ணைக் காட்டி, புதியவர்களுக்கான பட்ஜெட்டை வெட்டுவது பிராண்டை மெல்ல மெல்லச் சுருக்கிவிடும். மெட்டா தரும் எண்களை மெட்டாவுக்கு வெளியேயும் சரிபார்க்க வேண்டும் என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. வீடியோவின் சராசரி பார்வை நேரத்தைக் கணக்கிடுகையில் மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டதால் எண் மிகைப்பட்டுவிட்டது என்று ஃபேஸ்புக் 2016-இல் ஒப்புக்கொண்டது.

நான் நம்பும் சோதனை பழைய பாணியானது. ஒரே மாதிரி விற்பனை உள்ள பகுதிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சில வாரங்கள் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மொத்த விற்பனையை ஒப்பிடுவது. விளம்பரத்தால் வந்த கூடுதல் விற்பனை எவ்வளவு என்பதை அந்த வித்தியாசம் காட்டும். கடைகள் வழியாகவே பெரும்பாலும் விற்கும் பிராண்டுக்கு இந்தச் சோதனை இல்லாமல் வழியே இல்லை. கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கிய சோப்பு எந்தப் பிக்சலிலும் பதிவாகாது. அத்தகைய பிராண்டுகளுக்கு கிளிக்கை இலக்காக வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். முடிந்தவரை அதிகம் பேரைச் சென்றடைவதை இலக்காக வைத்து, ஒருவருக்கு வாரத்துக்கு எத்தனை முறை காட்டலாம் என்பதற்கு வரம்பு போட்டு, பகுதிவாரியாகக் கடை விற்பனையைப் பார்க்கிறேன். அதற்கு விநியோகஸ்தர்களிடமிருந்து வாராந்திர விற்பனைக் கணக்கு வந்து சேர வேண்டும். புதிதாக ஒரு பிராண்டோடு வேலை தொடங்கும்போது, விளம்பரக் கணக்கின் அனுமதியைக் கேட்பதற்கு முன் அந்த வாராந்திர விற்பனைக் கணக்கு கிடைக்குமா என்றுதான் இப்போது கேட்கிறேன்.