விண்டோஸ்வாப்பா, ஏற்காட்டு ஜன்னலா?

முன்பின் தெரியாதவர் வீட்டு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்க ஆசையா? சேலத்துக்காரர்களுக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, விண்டோஸ்வாப். 2020 ஊரடங்கில் சிங்கப்பூரில் வசித்த ஒரு தம்பதி தொடங்கிய இணையதளம். பல நாட்டுக்காரர்கள் தங்கள் ஜன்னல் காட்சியை 10 நிமிடம் போலப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் வேறொரு ஊர். காட்சியோடு அந்த வீட்டுச் சத்தமும் வரும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஆனால் எல்லாம் பதிவு, நேரலை இல்லை.

இன்னொன்று, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டே. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம், அதைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. மூடுபனி இறங்கும்போது முதலில் தூரத்து மரம் மறையும், அப்புறம் பக்கத்து மரம், கடைசியில் ஜன்னல் கம்பியே ஈரமாகிவிடும். கோடை மழைக்குப் பிறகு காபி பூத்தால் மல்லிகை மாதிரி வாசனை. அதை எந்தத் திரையும் தராது.

செலவு? விண்டோஸ்வாப்புக்கு இணையம் போதும். ஏற்காட்டில் வார இறுதியில் வாடகையும் கூட்டமும் ஏறும்.

வேலைக்கு நடுவே கொஞ்சம் மூச்சுவிட விண்டோஸ்வாப் சரி. ஒரு ராத்திரி தங்க முடியுமென்றால் யோசிக்காமல் மலையேறுங்கள், வார நாளாகப் பார்த்து.