பேறுகாலத்துப் பித்து: கோடங்கியிடமா, ஹைகிரவுண்டுக்கா?

பிள்ளை பெற்ற சில நாளில் உறக்கம் அற்றுப்போன ஒரு பெண், தொட்டிலைக் காட்டி, "இது என் பிள்ளை இல்லை, மாற்றி வைத்துவிட்டார்கள்" என்று அம்மாவின் காதோடு சொல்லத் தொடங்கினால், நெல்லைச் சீமையில் பல வீடுகள் முதலில் உடுக்கடித்துக் குறிசொல்லும் கோடங்கியைத்தான் தேடுகின்றன. இசக்கியம்மனுக்கு நேர்ந்து, மந்திரித்த கயிறு கட்டுவதால் குடும்பத்துக்கு ஆறுதல் கிடைக்கிறது. அதை நான் இகழமாட்டேன்.

ஆனால் 1,000 பிரசவங்களில் 1 அல்லது 2 பேருக்கு, பெரும்பாலும் முதல் 2 வாரங்களுக்குள் வருகிற இந்த மனப்பிறழ்வு, கோயில் கொடைத் திருவிழா நாள் வரை காத்திருக்காது. 2001இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தம் 5 குழந்தைகளையும் நீரில் அமிழ்த்திக் கொன்ற ஆண்ட்ரியா யேட்ஸ், அவர்களை நரகத்திலிருந்து காப்பதாகவே நம்பினார். மனநோயால் அவர் குற்றவாளி அல்லர் என்று 2006 மறுவிசாரணையில் தீர்ப்பானது. பிள்ளைகள் திரும்பவில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ இதற்கு மருந்து இருக்கிறது; சிகிச்சை பெற்ற பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றும், ஆபத்திருந்தால் தற்காலிகமாகப் பிரித்தாலும் மேற்பார்வையில் அவள் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

என் தேர்வு ஹைகிரவுண்டுதான். நேர்ச்சையைத் தேறியபின் செலுத்தலாம். நள்ளிரவானால் 14416 என்ற, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவமனை சேரும்வரை தாயையும் சேயையும் தனியே விடக் கூடாது.