கல்தூண் அச்சு வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க: 1,860 வெள்ளி போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இயற்கைக் கல் மாதிரி சிமெண்டுத் தூண் வார்க்கும் அச்சு ஒரு செட், அதற்குக் கலர் பவுடர் 6 கிலோ. இரண்டுக்கும் சேர்த்து 1,860 வெள்ளி (ரிங்கிட்). மிஞ்சியது கெட்டுப்போன மூன்று தூணும் ஒரு வாளி சாயப்பொடியும்.

இடம் மலேசியாவில் ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட். தோட்டத்துக் கோயில் முன்வேலிக்கு 12 தூண், 6 அங்குலச் சதுரம், 5 அடி உயரம். எல்லாம் வசூல் காசு.

விற்றவர் ஒரு பெரிய இணையச் சந்தையில் கடை வைத்திருப்பவர். வாட்ஸ்அப்பில் தமிழிலேயே பேசினார். "கோயிலுக்கா அண்ணே? அப்ப கிரானைட் மாதிரி வேணாம். நம்ம ஈப்போ மலை இருக்குல்ல, சாம்பல்ல துரு வழிஞ்ச மாதிரி, அந்தக் கலர் எடுங்க" என்றார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். கல்லை உற்றுப் பார்த்தவன்தான் அப்படிச் சொல்வான் என்று நினைத்தேன். உடனே ஒரு வீடியோ வந்தது. ரப்பர் அச்சை ஒரு கை மடக்கி விட, அது துள்ளி நிமிர்கிறது. கட்டைவிரலில் சிவப்புக்கல் மோதிரம். "5 மில்லிமீட்டர் கனத்துல பாலியூரித்தேன் ரப்பர், வெளிய பைபர்கிளாஸ் கூடு, ஐம்பது தூண் தாங்கும்." விலை 2,000. "சந்தை வழியா போட்டா கமிஷன் புடிப்பான். நேரா அக்கவுண்டுக்குப் போட்டுருங்க, 140 குறைச்சுக்கிறேன்." 1,860 வெள்ளியை அன்றைக்கே போட்டாயிற்று.

வந்தது 2 மில்லி பிளாஸ்டிக். கூடு கிடையாது. கேட்டதற்கு, "புது மாடல் அண்ணே, கூடே தேவையில்ல."

கூடு ஏன் வேண்டும்? நான்கு பக்கமும் கல் முகம் வர வேண்டுமானால் அச்சை நிறுத்தி வைத்துத்தான் ஊற்ற வேண்டும். படுக்க வைத்தால் மேல்பக்கம் மொழுக்கென்று நிற்கும். நிறுத்தி 5 அடிக்கு ஊற்றினால், ஈரக் கலவை அச்சின் அடி ஒரு அடி உயரத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் ஏறக்குறைய 150 கிலோ பாரத்தோடு வெளியே தள்ளும். 2 மில்லி பிளாஸ்டிக் அதற்கு என்ன செய்யும்? முதல் தூண் கீழே ஒன்றரை அங்குலம் வயிறு தள்ளியது. இரண்டாவதில் ஒட்டுவாய் பிளந்து சிமெண்டுப் பால் முழுக்க ஒழுகிவிட்டது. பால் போன இடத்தில் வெறும் சல்லி பல்லிளித்தது, உள்ளே கம்பி தெரிந்தது. மூன்றாவதற்கு பிளைவுட்டில் பெட்டி அடித்து, முட்டுக்கொடுத்து ஊற்றினோம். வடிவம் நின்றது, ஆனால் கழற்றும்போது மூலை கிழிந்து அச்சே முடிந்தது.

கலவையைக் குறை சொல்லாதீர்கள். 50 கிலோ மூட்டைக்கு 21 லிட்டர் தண்ணீர், 10 மில்லிக்குக் கீழான சல்லி, நாலு 10 மில்லி கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம், கம்பிக்கு வெளியே ஒரு அங்குலம் சிமெண்டு. மறுநாள் கழற்றி ஏழு நாள் ஈரச் சாக்கு. இதில் எங்கே பிழை?

கலர் கதை இதைவிட மோசம். இரும்பு ஆக்சைடு என்றுதான் வாங்கியது. சிமெண்டு எடையில் 3 விழுக்காடு, அதாவது மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ. ஒன்பதே நாள் வெயிலில் துரு நிறம் வெளிறி, பழைய சட்டை மாதிரி ஆகிவிட்டது. பிறகுதான் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். அசல் ஆக்சைடு கரையாது, ஒரு இரவு விட்டால் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும். இது காலையிலும் ரோஸ் சிரப் மாதிரி நின்றது. வெறும் சாயம். சிமெண்டின் காரமும் வெயிலும் சேர்ந்து தின்றுவிடும். கூட வந்த கறுப்புப் பொடி காந்தத்தில் ஒட்டவே இல்லை. இரும்பு ஆக்சைடுக் கறுப்பாக இருந்தால் ஒட்டியிருக்கும்.

போட்டோ அனுப்பினேன். முதலில் "தண்ணி அதிகம் அண்ணே." 21 லிட்டர் என்றதும் "வைப்ரேட்டர் போட்டீங்களா? அதான் வீங்கிருச்சு." கலருக்கு "உங்க ஊரு மழை." பிறகு "டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அந்த டீம் யாரென்று இன்றுவரை தெரியாது. கடைசியில் "ஏழு நாள் தாண்டிருச்சு", அதற்கப்புறம் இரண்டு நீலக் கோடு மட்டும். இணையச் சந்தையைக் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்று ஒரே வரி. 1,860 வெள்ளிக்கு 140 வெள்ளித் தள்ளுபடி வாங்கிய புத்திசாலித்தனம் இதுதான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சந்தைக்கு வெளியே காசு போடாதீர்கள். போடுவதற்கு முன் அக்கவுண்ட் நம்பரைப் மோசடிப் புகார் வந்த கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். போட்டவுடனே சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997-ஐக் கூப்பிடுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், ஆனால் விற்றவரின் முகவரி வேண்டும், அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். அச்சின் கனத்தை ஸ்கேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பொடிக்கு முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி கிளாஸில் போட்டுப் பாருங்கள்.

நேற்று ராத்திரி அதே சந்தையில் வேறு பெயரில் ஒரு கடை கண்ணில் பட்டது. அதே வீடியோ, அதே சிவப்புக்கல் மோதிரம். விலை இப்போது 1,700.